கடுதாசி வயது

சூட்டோடு குடித்துவிடுங்கள். காதர் மைதீன் கடைத் தேநீர் ஆறிவிட்டால் அதற்கும் கழுநீருக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஏழு வருடத்துக்கு முன்னால் பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் இந்தக் கடையில்தான் புத்தகப் பைகளை வைத்துவிட்டு ஓடக் கிளம்புவோம். சிரம்பானை ஒட்டிய இந்த ராசாவிலிருந்து செண்டாயான் பக்கம் போகும் செம்மண் சாலை அப்போது இன்னும் குறுகல். இரண்டு பக்கமும் ரப்பர் மரம், மைலுக்கு ஒரு கல். கல்லுக்குக் கல் ஓடுவதுதான் எங்கள் பயிற்சி.

நீங்கள் வந்த விஷயம் புரிகிறது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பொறுப்பு இந்த வருடம்தான் உங்கள் கைக்கு வந்திருக்கிறது. பதின்மூன்று வயதில் நான்கு பையன்கள் அரை மைல் நன்றாக ஓடுகிறார்கள், அவர்களைப் பதினாறு பதினேழு வயதுக்காரர்களோடு சேர்த்துப் பழக்கலாமா என்று யோசிக்கிறீர்கள். மண்டபத்துப் பலகையில் என் பெயர் இருக்கிறது. 1928ஆம் வருடம், திருநாவுக்கரசு, வயது பதின்மூன்று, அரை மைல், இரண்டு நிமிடம் பதினாறு வினாடி. இதுவரை எந்தப் பதின்மூன்று வயதுப் பையனும் அதைத் தொடவில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். அந்த வயதில் நான் என்ன பயிற்சி செய்தேன் என்று கேட்கிறீர்கள்.

நியாயமான கேள்விதான். இதே கேள்வியை உங்களுக்கு முன்னால் விளையாட்டுப் பொறுப்பில் இருந்த குமாரசாமி மாஸ்டர் கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதிலை உங்களுக்குச் சொல்ல வாய் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு வீட்டு வயது ஒன்று, கடுதாசி வயது ஒன்று. எங்கள் கல்லாற்றுத் தோட்டத்தில் இது ஒரு ரகசியமே இல்லை. சம்பளத்துக்கு ஆள் பிடிக்கும்போது வயதைக் கூட்டுவார்கள், பள்ளிக்கூடத்துக்குக் குறைப்பார்கள். நான் பிறந்தது ஆஸ்பத்திரி லயம் என்கிற கூலி வீட்டு வரிசை எரிந்த வருடம், அதாவது 1912. மூன்று வருடம் கழித்து எனக்கு ஒரு தம்பி பிறந்தான். மூன்றாம் மாதமே இறந்துபோனான். அவனுடைய பிறப்புக் கடுதாசி மட்டும் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் தங்கிவிட்டது. அப்பா தோட்டத்தில் மண்டோர். வேலைக்காரர்களை மேய்க்கிற தொழிலில் இருந்தவர், மகன் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக வேண்டும் என்று ஆசைப்பட்டார். அதற்கு இங்கிலீஷ் படிப்பு வேண்டும். எட்டு வயது தாண்டிய பையனைச் சிரம்பானில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டார்கள். எனக்கு அப்போது பதினொன்று. அப்பா பெட்டியைத் திறந்தார்.

திருநாவுக்கரசு என்பது என் தம்பியின் பெயர். வீட்டில் எனக்கு அர்ச்சுனன். அப்பா செய்தது தப்பு என்று நான் நினைத்ததில்லை. செத்துப்போன பிள்ளைக்குக் கடுதாசி எதற்கு? நான் ஆள் கட்டை. மீசை அரும்பியபோது மழித்துக்கொண்டேன். யாரும் சந்தேகப்படவில்லை.

அதன் பலன் ஓட்டத்தில்தான் தெரிந்தது. பலகையில் இருக்கிற அந்த நேரத்தை ஓடியபோது எனக்குப் பதினாறு நடந்துகொண்டிருந்தது. பதின்மூன்று வயதுப் பையன்களோடு பதினாறு வயதுக்காரன் ஓடினால் ஜெயிக்காமல் என்ன செய்வான்? ஊரே மெச்சியது. துரை பங்களாவுக்குக் கூப்பிட்டு பிஸ்கட் கொடுத்தார். நானும் சில நாள் எனக்குப் பதின்மூன்றுதான் என்று நம்பிக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன், நாளடைவில் சோறுதான் இருக்கிறது என்று நம்பிவிடுவான் போலிருக்கிறது.

1931இல் தங்கராஜு வந்தான். எங்கள் தோட்டத்துப் பையன்தான். அம்மா மயிலம்மாள் பால்மரம் வெட்டுகிறவள், ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கிற வேலை, புருஷன் இல்லை. ரப்பர் விலை விழுந்து லயத்தில் பாதிப் பேரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த வருடம் அது. எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு அவனைப் படிக்க வைத்தாள். அவன் கால்களைப் பார்த்துவிட்டு, குமாரசாமி மாஸ்டர் தலைமை ஆசிரியரிடம் பேசிப் படிப்புச் சம்பளத்தைத் தள்ளுபடி செய்ய வைத்தார். பள்ளிக்கூடத்துக்காக ஓட வேண்டும் என்பது நிபந்தனை. மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். சத்தம் போட்டுப் பேச மாட்டார், பையன்களை அடிக்க மாட்டார்.

தங்கராஜுவுக்கு வீட்டிலும் பதின்மூன்று, கடுதாசியிலும் பதின்மூன்று. முதல் நாள், பயிற்சி எதுவும் இல்லாமல், யாரோ கொடுத்த தொளதொள கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே அரை மைல் ஓடினான். மாஸ்டர் கடிகாரத்தை என்னிடம் காட்டினார். இரண்டு நிமிடம் பதினேழு வினாடி. திருநாவுக்கரசு மாதிரி இன்னொருவன் கிடைத்துவிட்டான் என்று அவருக்குச் சந்தோஷம். மற்றவர்களும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

அவன் என் மாதிரி இல்லை. நான் பதினாறு வயதில் மூச்சு முட்ட ஓடியதை அவன் பதின்மூன்று வயதில் விளையாட்டாக ஓடிவிட்டான். அவன் எவ்வளவு பெரிய ஓட்டக்காரன் என்பது உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். அதை யாரிடமும் சொல்லவும் முடியாது. அந்த வாரம் முழுக்க எனக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை. பொறாமைதான், வேறு பெயர் வைக்க விரும்பவில்லை.

அவனைப் பழக்கும் வேலையை மாஸ்டர் என்னிடமே கொடுத்தார். ஒரே தோட்டம், ஒன்றாக வந்து ஒன்றாகப் போகிறவர்கள். நான் என் பயிற்சியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் நான்கு கல் போய் நான்கு கல் திரும்ப வேண்டும். நடுவில் வரும் நாட்களில் ஆறு அரை மைல், ஒவ்வொன்றுக்கும் நடுவில் நூறு எண்ணும் நேரம்தான் ஓய்வு. சனிக்கிழமை மேட்டுச் சாலை. மாஸ்டர் தாளை இரண்டு தடவை படித்தார்.

"தங்கராசு சின்னப் பொடியன். இது அவனுக்குக் கூடிப்போகாதோ?" என்றார்.

"அவன் வயசுல நான் இதைத்தான் சார் ஓடுனேன்" என்றேன்.

பலகை சாட்சி இருக்கும்போது அவர் ஏன் நம்பாமல் இருக்க வேண்டும்? எனக்குப் பதினாறு வயதில் பொருந்திய பயிற்சி அது. தினம் முட்டையும் பாலும் சாப்பிட்டுவிட்டு ஓடியவன் நான். அவன் காலையில் கஞ்சி, மத்தியானம் பசியாற ஒரு ரொட்டி, பயிற்சி முடிந்து தோட்டத்துக்கு மூன்று மைல் நடை. ஆனால் எல்லாவற்றையும் நான் அவன் கூடவே ஓடினேன். அவனுக்கு ஒரு மைல் கொடுத்தால் நானும் ஒரு மைல் ஓடினேன். ஒருநாளும் கை ஓங்கியதில்லை, கடிந்து பேசியதில்லை. நானாக வயதைச் சொல்லியிருந்தால் அந்தத் தாளை மாஸ்டர் கிழித்துப் போட்டிருப்பார். என்னையும் பள்ளிக்கூடத்திலிருந்து அனுப்பியிருப்பார்கள். கேம்பிரிட்ஜ் பரீட்சைக்கு ஒரு வருடம்தான் பாக்கி. திரும்பிப் போனால் எனக்கும் பால் வாளிதான்.

ஐந்தாவது வாரம் ஒரு நாள் மூன்றாம் கல்லில் உட்கார்ந்திருந்தோம். அவன் கால் வீங்கியிருந்தது. அதைத் தேய்த்துக்கொண்டே சொன்னான்:

"அண்ணே, நீங்க அப்ப பெரிய ஆளுதானே? நீங்க பொறந்து ஆறு வருசம் கழிச்சுத்தான் நான் பொறந்தேன்னு அம்மா சொல்லிச்சு."

நான் எழுந்து கால்சட்டை மண்ணைத் தட்டினேன்.

"நான் மாஸ்டர்கிட்ட சொல்லமாட்டேண்ணே. படிப்பு போயிரும்ல உங்களுக்கு" என்றான்.

தோட்டத்துப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் வெள்ளைக்காரப் பள்ளிக்கூடத்தில் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அன்றையிலிருந்து அவன் முகத்தை நேராகப் பார்ப்பதைத் தவிர்த்தேன். என்னைக் காப்பாற்றுகிறேன் என்று ஒரு சின்னப் பையன் சொன்னது, என்னைக் காட்டிக்கொடுப்பேன் என்று சொன்னதைவிட எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த வாரம் ஆறு அரை மைலை எட்டாக்கினேன்.

பிறகு அவனுக்குக் காய்ச்சல் வந்தது. தோட்டத்தில் யாருக்குத்தான் வராது. குளிரில் நடுங்கினான், கொயினா மருந்து குடித்தான், நான்காம் நாள் எழுந்து பள்ளிக்கூடம் வந்தான். வரும்போது தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் எழுதிய ஒரு துண்டுக் கடுதாசி கொண்டுவந்தான். மாஸ்டரிடம் கொடுக்கச் சொன்னாராம். மாஸ்டரைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு என்னிடம் கொடுத்தான். இரண்டே வரி. காய்ச்சலில் மண்ணீரல் வீங்கி வயிற்றில் இடது பக்கம் கட்டி பெரிதாக இருக்கிறது, உடைந்தால் உயிருக்கு ஆபத்து, ஆறு வாரம் ஓடக் கூடாது.

அதை என் பூகோளப் புத்தகத்துக்குள் வைத்தேன். மத்தியானம் அவனிடம், மாஸ்டர் பார்த்துவிட்டார், ஓடாவிட்டால் சம்பளத் தள்ளுபடி கஷ்டம் என்கிறார், மெதுவாக ஓடு என்று சொன்னேன். சாயங்காலம் மயிலம்மாள் லயத்து வாசலில் என்னை நிறுத்தி, டிரசர் இப்படிச் சொல்கிறாரே என்று கேட்டாள். மாஸ்டருக்குத் தெரியும், நான்தான் கூட இருக்கிறேனே என்று சொன்னேன். அவள் முகம் தெளிந்து உள்ளே போனாள். அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் தலை நிமிர முடியவில்லை.

பள்ளிக்கூடங்களுக்கு இடையிலான போட்டிக்கு ஐந்து நாள் இருந்தது. வியாழக்கிழமை. அன்றைக்கு ஆறு ஓட்டம் போதும் என்று சொல்லியிருந்தேன். நான்காவது முடிந்ததும் சாலையோரம் குந்திக்கொண்டு இடது விலாவைப் பிடித்தான். உதடு வெளுத்திருந்தது.

"போதும்ணே. உள்ள இழுத்துப் பிடிக்குது" என்றான்.

"உன் வயசுல நான் ஆறும் ஓடுனேன்" என்றேன்.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் பொய் சொல்கிறேன் என்று அவனுக்குத் தெரியும். தெரியும் என்பது எனக்கும் தெரியும். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சாலையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. சொல்லவில்லை. எழுந்து கால்சட்டையை இறுக்கிக்கொண்டு ஓடினான். ஐந்தாவது ஓட்டத்தில் மதகுப் பக்கம் கால் இடறி, மதகுக் கல்மேல் வயிறு மோத விழுந்தான். அந்த வழியே வந்த லாரியில் ஏற்றிச் சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழி முழுக்கத் தலை என் மடியில்தான் இருந்தது. மறுநாள் காலை போய்விட்டான். உள்ளே கட்டி உடைந்து ரத்தம் கொட்டிவிட்டது என்றார் டாக்டர்.

அவனைக் கொல்ல நினைத்தேனா என்று கேட்பீர்கள். இல்லை. அவன் ஓட்டம் கெட வேண்டும் என்று நினைத்தேன். அலுத்து, கால் கெட்டு, ஓட்டமே வேண்டாம் என்று அவனாக விட்டுவிட்டால் போதும் என்று இருந்தது. டிரசரின் கடுதாசியைப் படித்த பிறகு அவன் செத்தும் போகலாம் என்று தெரிந்தது. தெரிந்தும் நான்கு நாள் ஓட வைத்தேன். நினைப்பதற்கும் தெரிந்திருப்பதற்கும் வித்தியாசம் உண்டு என்று வெகுகாலம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாஸ்டர் என்னைத் தனியாக அழைத்து, கடைசியில் பையன் எவ்வளவுதான் ஓடினான் என்று கேட்டார். நான் அவன் வயதில் ஓடிய அளவுதான் என்றேன். அவர் என் தோளில் கை வைத்து, நீ மனதை விட்டுவிடாதே, பார்க்க வேண்டியவன் நான்தான், பார்க்கத் தவறிவிட்டேன் என்று சொல்லி அழுதார். அந்த வருடக் கடைசியில் வேலையை விட்டுவிட்டு யாழ்ப்பாணம் போனார். போகும் முன் எனக்கு ஒரு நற்சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். அதைக் காட்டித்தான் இந்தச் சர்க்கார் வேலையில் சேர்ந்தேன்.

போட்டியில் ஓடினேன். ஜெயித்தேன். தங்கராஜு நினைவாக ஓடினான் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் மறுக்கவில்லை.

மயிலம்மாள் இன்னும் கல்லாற்றில்தான் இருக்கிறாள். வருடா வருடம் திதிக்கு என்னைக் கூப்பிட்டு இலை போடுவாள். "கடைசி வரைக்கும் எம்புள்ளகூட நீதான்யா இருந்த" என்பாள். நான் குனிந்து சாப்பிடுவேன். மூன்று தடவை அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று போனேன். மூன்று தடவையும் சாப்பிட்டுவிட்டு வந்தேன். ஆடு நனைகிறதென்று அழுத ஓநாய்க்குக்கூட யாரும் இலை போட்டுப் பரிமாறியதில்லை.

உங்கள் நான்கு பையன்களையும் பெரியவர்களோடு ஓட விடாதீர்கள். வாரத்துக்கு மூன்று நாள், கொஞ்ச தூரம், வலிக்கிறது என்றால் அன்றோடு சரி. இதை யாரிடமாவது சொல்லி ஏழு வருடத்து வெட்கத்தை இறக்கிவைக்க வேண்டும் என்று இருந்தது, சொல்லிவிட்டேன். ஆனால் எழுதிக் கொடுக்கச் சொல்லாதீர்கள். வருகிற மாதம் என் வேலையை நிரந்தரமாக்குகிறார்கள். இருபத்தைந்து தாண்டியவனுக்கு அது கிடையாது. எனக்கு இருபத்தாறு, ஆபீசில் இருபத்து மூன்று. பலகையை அழிக்க வேண்டும் என்று நீங்கள் தலைமை ஆசிரியரிடம் போனால், அவர் என்னைக் கூப்பிட்டு விசாரிப்பார். அந்தப் பையன் வயதில் நான் அத்தனையும் ஓடினேன் என்றுதான் அவரிடம் சொல்லுவேன்.