தன் நடையே பிள்ளைக்கு வேண்டுமென்றவர்

இன்று அக்டோபர் பன்னிரண்டு, சனிக்கிழமை. பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். நாரின் நகரின் இந்த மன்றத்தில் அமர்ந்திருப்போர் நூற்று நாற்பத்து மூவர். எண்ணிவிட்டுத்தான் மேடை ஏறினேன். மின்நிலையப் பொறியாளன் நான்.

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் மருத்துவர் ஜிபெக் அம்மையார் அவர்களே! வெண்தொப்பி அணிந்த பெரியோர்களே! பொறுத்துப் பொறுத்தே பழகிப்போன தாய்மார்களே! பணிவான வணக்கம்.

தன்மோகம் என்னும் மனநோய் பற்றிப் பேசச் சொன்னார்கள். தன்மானம் உள்ளவன் தலை நிமிர்வான். தன்மோகம் கொண்டவனோ, தன் தலை மட்டுமே தெரிய வேண்டுமென்று அடுத்தவர் தலையைக் குனியவைப்பான். பின்வரிசையில் ஒரு பெரியவர், அழகாக உடுத்துகிறவனெல்லாம் நோயாளியா என்று கேட்கிறார். இல்லை ஐயா, உங்கள் புதுக் கோட்டுக்கு ஆபத்தில்லை.

என் அக்கா மேரிம் மூன்றாம் வரிசையில் இருக்கிறாள். அவள் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன். அவள் கணவர் தாலாய்பெக் விருந்துகளில் வாழ்த்துரை முழங்குபவர். ஊரே கைதட்டும். வீட்டிலோ, சூப் ஆறினாலும் அவள் குற்றம், மழை பெய்தாலும் அவள் குற்றம். நேற்றுச் சொன்னதை இன்று சொல்லவே இல்லை என்பார். அழுதால் நடிப்பு என்பார். பள்ளியில் கணக்குக் கற்பித்தவள், உப்பு வாங்கவும் அவரிடம் காசு கேட்கும் நிலைக்கு வந்தாள். இரத்தம் வந்தால்தான் காயமா?

சென்ற மாதம் அவர்கள் மகனுக்குக் கால்கயிறு அறுக்கும் விழா; நடை பழகும் பிள்ளையின் கால்களைக் கயிற்றால் கட்டி அறுத்துவிடும் நம் வழக்கம். ஓட்டப் பந்தயத்தில் முந்தி வருபவர் கயிற்றை அறுத்தால் அவர் நடை பிள்ளைக்கு வரும் என்று நம்புகிறோம் அல்லவா? முந்தி வந்தவள் பக்கத்து வீட்டு அய்சிரெக். கத்தியை அவளிடமிருந்து பிடுங்கினார் அத்தான்.

"என் புள்ளைக்கு எதுக்கு இவ நடை? என்னை மாதிரி நடந்தா போதும்."

அவரே அறுத்தார். அந்தப் பெண் விம்மினாள். நாம் என்ன செய்தோம்? தட்டிலிருந்த இறைச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மேரிம் பிள்ளையைத் தூக்கினாள். "இவன் உங்க நிழல் இல்லீங்க. இவனுக்குன்னு ஒரு நடை வரும்" என்றாள். அப்படியே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். நாலு பேர் முன்னால் மானம் போயிற்று என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார் அவர். பிள்ளை சாப்பிட்டானா என்று ஒருநாளாவது கேட்டாரா?

பெரியோர்களே, நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள். "ஆம்பளைன்னா அப்படித்தான் தம்பி, அனுப்பி வை" என்றீர்கள். கேளுங்கள். மின்சாரம் போக ஒரு கம்பி வேண்டும்; திரும்ப ஒரு கம்பி வேண்டும். அன்புக்கும் அதே விதி, மதிப்புக்கும் அதே விதி, மன்னிப்புக்கும் அதே விதி! திரும்பும் கம்பியை அறுத்துவிட்டு, எரியவில்லையே என்று விளக்கைத் திட்டுவது எந்த ஊர் நியாயம்?

பொறுமையாகக் கேட்டீர்கள், நெஞ்சார்ந்த நன்றி. அனைவருக்கும் என் வணக்கம். இனி நான் செய்யப்போவது:

1. திங்கட்கிழமை அத்தானைப் பார்ப்பேன். மருத்துவரிடம் வரச் சம்மதித்தால் வண்டியை நானே ஓட்டுவேன்.
2. அவர் பிள்ளையைப் பார்க்க வந்தால் கதவு திறப்பேன். அக்காவைக் கையைப் பிடித்து இழுக்க வந்தால் திறக்கமாட்டேன்.
3. போ என்றும் இரு என்றும் அவளிடம் சொல்லமாட்டேன். உங்களையும் சொல்ல விடமாட்டேன்.
4. இப்போது கீழே இறங்கி இந்த ஒலிவாங்கியை மேரிமிடம் கொடுப்பேன். அவள் கதையை இவ்வளவு நேரம் நான் பேசியதே அதிகம்.