சதகுப்பை போட்ட சுரைக்காய்

கேட்டுக்கு அந்தப் பக்கமே நில்லு, பிரோஷ்கா. நாய் கடிக்காது, நான்தான் கடிப்பேன். உன் கிண்ணம்தானே? குடுத்துடறேன். யாரைக் கேட்டு நேத்து எங்க வாசல்ல கொண்டாந்து வெச்சே?

என்னது, நோயாளி இருக்கற வீடா? ஆமா, என் புருஷன் டெஷோ பக்கவாதத்துல விழுந்து கெடக்காருன்னு மாக்கோ ஊரு பூராத் தெரியும். அதுக்கு? பொங்கிப் போட பொண்டாட்டி நான் குத்துக்கல்லாட்டம் இல்லையா?

அதுக்குப் பேரு ஃபோஸெலேக் கூட்டா? எங்க வீட்டுல பன்னிக்கொழுப்புல மாவை மணக்க வறுத்துச் சேப்போம். கரண்டியை நட்டா நட்டபடி நிக்கும். நீ என்னடான்னா புளிச்ச பாலாடையில மாவைக் கரைச்சு சுரைக்காய்ல ஊத்தியிருக்கே. சோம்பேறிச் சமையல்! போதாததுக்கு சதகுப்பைத் தழை வேற, கை நிறைய. அந்தத் தழையை நான் வீட்டுக்குள்ளயே சேக்கறதில்ல. ஏன்னு உனக்குத் தெரியாதா? உன் வீட்டு மோட்டாரை ரிப்பேர் பண்ணிட்டு வர்றப்பல்லாம் எங்க வீட்டு ஆளு சட்டையில அந்த வாடைதான் அடிக்கும். சோறு வெச்சா பசிக்கலம்பாரு. மோட்டாருக்கு ஏதுடி சதகுப்பை?

அழாதே. எதிர்வீட்டுக்காரி திரைச்சீலைக்குப் பின்னாடியே நிக்கறா. உன் அழுகையை உன் வீட்டுல வெச்சுக்க.

கோழிக்குக் கொட்டலாம்னுதான் மூடியைத் தொறந்தேன். கட்டில்ல அந்த ஆளு தலையைத் திருப்பினாரு. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த நாளா சுவத்தையே பாத்துட்டுக் கெடந்த மனுஷன். என் கையால எதக் குடுத்தாலும் பல்லைக் கடிச்சுக்குவாரு. இப்படியே போனா மூக்குல குழாய்தான்னு டாக்டரும் சொல்லிட்டாரு. அந்த வாய் தானாத் தொறந்துது.

ஆமா, தின்னாரு. பூராத்தையும்தான். இரு, சந்தோஷப்படாதே. இன்னைக்குக் காலைல நானே சந்தைக்குப் போய் சதகுப்பை வாங்கியாந்தேன். வெக்கங்கெட்டுப் போய், உன்னை மாதிரியே பாலாடை ஊத்தி, உன்னை மாதிரியே தண்ணியா செஞ்சேன். வாயில வெச்சதும் துப்பிட்டாரு. என் மூஞ்சி மேலயே.

சர்ச்சுல மத்தியான மணி அடிக்கப்போற நேரம், அவர் சாப்பாட்டு வேளை. ஏன் மரமாட்டம் நிக்கறே? உள்ள வா. செருப்பைக் கழட்டிட்டு வா, தரையைத் தொடச்சிருக்கேன். பாதிச் சுரைக்காய் மிச்சம் இருக்கு, அடுப்பு அந்தப் பக்கம். ஊட்டி முடிக்கற வரைக்கும் நான் கோழிக்கூட்டுகிட்ட இருக்கேன். உப்பு மட்டும் கம்மியாப் போடு, அவருக்கு பிரஷர் இருக்கு.