பின்பக்கம் தாழ்ந்த வண்டி

– இடுப்பு கழண்டு போச்சு, கோர்டி. வீட்டுலேர்ந்து உன் பட்டறைக்கு வர்றதுக்குள்ள முதுகெலும்பு ஒவ்வொண்ணும் தனித்தனியா சண்டை போடுது.

– போடாம என்ன செய்யும், வெர்லின் அண்ணே? ஸ்பிரிங்குல ரெண்டு பட்டை கூட வைன்னு நீங்கதானே நின்னீங்க. காலி பிக்கப்பு இனிமே அப்படித்தான் தூக்கிப் போடும்.

– காலியா போனா தூக்கிப் போடுது. டிரெய்லரைக் கொண்டியில மாட்டினா பின்பக்கம் தவளையாட்டம் உக்காருது. மூஞ்சி வானத்தைப் பாக்குது. ஸ்டியரிங்கு கையில நிக்கல.

– ஹெட்லைட்டு?

– ரோட்டைத் தவிர எல்லாத்தையும் காட்டுது. ஆந்தைங்களுக்குக் கண்ணு கூசுது. இன்னும் ரெண்டு பட்டை போட்டு விடு.

– மொதல்ல ஷாக் அப்சார்பர் மாத்தினோம். அப்புறம் அச்சு மேல காத்துப் பை வெச்சோம். அப்புறம் பட்டை. தானியக் கிடங்கு எடைமேடையில ஒரு தடவை ஏத்திப் பாருங்கன்னு மே மாசத்துலேர்ந்து கத்துறேன்.

– நாப்பது வருஷம் மாடு ஏத்தினவன்டா நான். கண்ணாலயே எடை சொல்லுவேன். எடைமேடையில போய் நின்னா நெப்ராஸ்காவே சிரிக்கும்.

– மாட்டுக்குக் காலு இருக்கு அண்ணே. வண்டி ஆடினா தானா தள்ளி நின்னுக்கும். சாமானுக்குக் காலு ஏது? டிரெய்லர் மூக்குல கனத்தை வெச்சா அம்புட்டும் உங்க பிக்கப்பு முதுகுலதான்.

– நல்லாச் சொல்லு கோர்டி. எம் புருஷன் காதுல ஏறுற மாதிரி சொல்லு.

– நதீன், உன்னை வண்டியிலயே உக்காரச் சொன்னேன்ல?

– உக்காந்தா குளுருது வெர்லின். அக்டோபர் வந்தாச்சு. கோர்டி, மொன்டானாவுல இருக்கிற தம்பியைப் பாக்கப் போறேன்னு மே மாசம் கிளம்பின மனுஷன் இவன். மே போச்சு, ஷாக்குன்னான். ஜூலை போச்சு, காத்துப் பைன்னான். அங்க அந்தத் தம்பி ஹார்லனுக்கு நுரையீரல் போயிருச்சு. அப்பா இந்தக் குளிரைத் தாண்டமாட்டார்னு அவன் மகளே போன்ல அழுவுறா. பனி விழுந்து கணவாயை மூடினா நாம எங்க போறது?

– அக்கா, கோவிச்சுக்காதீங்க. கனம் தூக்குற என் செயின் பிளாக்கு உங்ககிட்டதானே இருக்கு? ஏப்ரல்ல வாங்கிட்டுப் போனீங்க.

– தர்றேன்.

– அதை வெச்சு எதைத் தூக்கினீங்க?

– ஒரு சாமானை.

– டிரெய்லர் ஒரு வாரமா என் முற்றத்துலதான் நிக்குது. முன்னாடி பெட்டியை நான் தெறந்தே பாக்கல. இருங்க... மடக்கு நாற்காலி, கம்பளி, தண்ணிக் குழாய். தார்ப்பாய்க்கு அடியில... அட, இது கொல்லுப் பட்டறை இரும்பு அடைகல்லு. சம்மட்டி, லாடப் பெட்டி எல்லாம் கூடவே இருக்கு. அண்ணே, கன்னுக்குட்டி கனம் இருக்கும் போலிருக்கே.

– அது எங்கப்பன் லாடம் அடிச்ச அடைகல்லு.

– ஏத்தினது நான்தான் கோர்டி. சாகிறப்ப மாமா என்ன சொன்னாரு? லாடம் அடிக்கிறவன் ஹார்லன், கல்லு அவனுக்குன்னாரு. அடக்கம் முடிஞ்சு வந்தவங்க காப்பி குடிக்கிறதுக்குள்ள இவன் பிக்கப்புல தூக்கிப் போட்டான். பதினெட்டு வருஷமா எங்க கொட்டாய்க் கதவுக்கு முட்டுக்கட்டை. அங்க ஹார்லன் தண்டவாளத் துண்டு மேல வெச்சு லாடம் அடிச்சுக் கெடந்தான்.

– அப்பனுக்குக் கடைசி வரைக்கும் மூத்திரச் சட்டி எடுத்தவன் நான். அவன் ஒரு நாள் வந்து எட்டிப் பாத்தானா?

– அதுக்குக் கூலி கதவு முட்டா?

– அக்கா, சண்டை அப்புறம். கனத்தை நீங்க ஒளிச்சு ஏத்திட்டீங்க, நான் பைத்தியக்காரனாட்டம் பட்டை மேல பட்டை வெச்சுக்கிட்டு இருந்திருக்கேன். என்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

– சொன்னா நீ இவன்கிட்ட உளறுவே. இவன் இறக்கி வெச்சுடுவான். அங்க போய் டிரெய்லரைத் தெறந்தாதானே இவனால தப்பிக்க முடியாது.

– நீ ஏத்தின மறுநாளே பாத்துட்டேன், நதீன்.

– பொய் சொல்லாத.

– தார்ப்பாய்க் கயித்தை நீ எப்பவும் கோணலா கட்டுவே. அவுந்து கெடந்துச்சு. நான்தான் திரும்பக் கட்டினேன். கோர்டி, முடிச்சைப் பாரு.

– ஆமா அக்கா. மாடு கட்டுற முடிச்சு.

– அப்ப ஏன்டா இறக்கல?

– இறக்கினா உனக்குப் பதில் சொல்லணும். கொண்டு போனா அவனுக்குப் பதில் சொல்லணும். வண்டி சரியில்லன்னா யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல.

– அஞ்சு மாசமா என்னை வெச்சு நாடகம் ஆடியிருக்கீங்க அண்ணே. இப்ப என்ன செய்ய? இன்னும் ரெண்டு பட்டையா?

– போட்ட பட்டையையும் உருவிடு, இடுப்பு தாங்கல. கல்லை மூக்குலேர்ந்து எடுத்து டிரெய்லர் அச்சுக்கு நேர் மேல, தரையோட வெச்சு இறுக்கிக் கட்டு. சாயங்காலத்துக்குள்ள கிளம்பணும்.

– எங்க வைக்கணும்னு தெரிஞ்சுகிட்டேதான் என்னை எடைமேடைன்னு கத்த விட்டீங்களா?

– மாடு ஏத்தினவன்னு சொன்னேன்ல.

– வெர்லின், ஒண்ணு யோசிச்சியா? அவன் படுக்கையில கெடக்கான். மூச்சு விடவே குழாய் வெச்சிருக்காம். இனிமே சம்மட்டியைத் தூக்குவானா? அடைகல்லை வெச்சு என்ன செய்வான்?

– ஒண்ணும் செய்யமாட்டான். கதவுக்கு முட்டு கொடுக்கட்டும். ஆனா அது நான் ஹார்லனுக்குத் தரவேண்டிய கல்லு, இன்னும் தரல.