போதும், விட்டுருங்க

— அதை இன்னொருக்கா படி கண்ணு. ரயில் யார்டுல எஞ்சின் ஊதுனதுல பாதி காதுலயே விழல.

— சரி ஆன்ட்டி. ‘நோயாளியின் மனைவிக்குத் தமிழ் மட்டுமே தெரியும். மருத்துவர் வங்காளி. மூச்சுக்குழாயை மறுபடியும் பொருத்தலாமா என்று மருத்துவர் கேட்டார். மனைவி தமிழில் சொன்ன பதிலை மொழிபெயர்ப்புக் கருவி தவறாக மாற்றிச் சொன்னது. அதனால் குழாய் பொருத்தப்படவில்லை. நோயாளி அன்று மாலை இறந்தார்.’ இவ்ளோதான்.

— நோயாளின்னா என்ற ஊட்டுக்காரரு. மனைவின்னா நானு.

— ஆமா. பேர் போடக் கூடாதுன்னு எங்களுக்கு ரூல். தீசிஸ் இங்கிலீஷ்ல இருக்கு. மானே, உங்களுக்காகத்தான் தமிழ்ல மாத்திண்டு வந்தேன். நீங்க சரின்னு சொன்னாத்தான் இதை உள்ள வைக்க முடியும்.

— அதென்ன கண்ணு, வாய்க்கு வாய் மானே மானேங்கற?

— அது பெங்காலி ஆன்ட்டி. ‘அதாவது’ன்னு அர்த்தம். கல்கத்தா லேக் கார்டன்ஸ்லயே பொறந்து வளந்தேனா, தானா வந்துடறது.

— பரவால்ல, காதுக்கு நல்லாத்தான் இருக்குது. கல்யாணமானதுல இருந்து சாந்த்ராகாச்சிலதான் இருக்கறேன், எனக்குப் பெங்காலின்னா காய்கறிக்காரன்கிட்ட வெலை கேக்கறதோட சரி. மீதியெல்லாம் அவரு பேசுவாரு. இல்லாட்டி என்ற பையன் பேசுவான்.

— அன்னிக்கு ரெண்டு பேருமே பேச முடியாம போயிடுத்து.

— அவரு மூச்சுக்கே தவிச்சுக்கிட்டிருந்தாரு. பையனுக்குக் கரக்பூர்ல சிக்னல் டூட்டி. நானும் அந்த டாக்டர் பொண்ணும், நடுவால அந்த மொழிபெயர்க்கற டேப்லெட்டும்.

— அது என்னோடதுதான். அந்த வார்டுல அதைக் கொண்டு வெச்சதே நான்தானே.

— ஏதோ கம்பெனிக்காரன் வெச்சதுன்னு நெனச்சேன்.

— செஞ்சது கம்பெனி. அது எங்கே தப்புப் பண்றதுன்னு பாக்கறது என்னோட பிஎச்டி. யாருக்குச் சரியா மொழிபெயர்க்கறது, யாருக்குத் தப்பா, தப்புன்னா அதை வெளியில சொல்றதா இல்லே மறைக்கறதா. நாலு வருஷமா இதேதான்.

— அது என்னைய நீ நீன்னுதான் பேசுச்சு. அந்தப் பொண்ணு ‘ஆப்னி ஆப்னி’ன்னு தன்மையாத்தான் சொல்லுச்சு. மெஷின் மட்டும் ‘நீ உட்கார், நீ சொல்லு’ன்னுது.

— அது என்னோட மூணாவது சாப்டர். அதே மெஷின் ஹிந்திக்காராளுக்கு ‘ஆப்’னு மரியாதையா சொல்றது. தமிழுக்கு வந்தா ‘நீ’. அது படிச்ச தமிழே கொஞ்சம். அதுவும் யாரோ எங்கேர்ந்தோ அள்ளிப் போட்டது.

— அப்ப அதோட தமிழும் என்ற பெங்காலி மாதிரிதான்.

— சிரிக்கறேளே ஆன்ட்டி. எனக்கு ஹவுராவுல லோக்கல் ட்ரெயின் ஏறாம திரும்பிப் போயிடலாமான்னு இருந்தது.

— எதுக்கு?

— உங்க முன்னால வந்து உக்காரணுமே. நான் வெச்ச டேப்லெட் தப்பா சொல்லி ஒருத்தர் போயிட்டார். ராத்திரி கண்ணை மூடினா அந்த வார்டுதான் வரது. கடைசியில எங்க கைடு பத்மநாபன் சார்கிட்ட சொல்லி எல்லா டேப்லெட்டையும் எடுக்க வெச்சுட்டேன். போன வாரம் எடுத்துட்டா.

— எடுத்துட்டாங்களா? அப்ப இனி என்னையாட்டம் ஒருத்தி அங்க போனா?

— தெரிஞ்சவா யாரையாவது கூப்பிடணும். இல்லேன்னா ஜாடை காட்டணும்.

— மூச்சுக்குழாயை ஜாடைல எப்படிக் கண்ணு கேக்கறது?

— தெரியலை. ஆனா தப்பா சொல்றதுக்குச் சொல்லாம இருக்கறதே மேல்னு தோணித்து.

— அன்னைக்கு நான் பேசுனது அதுல பதிவாகியிருக்குதா?

— இருக்கு. ‘போதும், விட்டுருங்க.’ ரெண்டே வார்த்தை.

— மெஷின் அந்தப் பொண்ணுகிட்ட என்னன்னு சொல்லுச்சு?

— ‘ஆர் நா, ஓங்கே சேடே தின்.’ மானே, இனிமே வேண்டாம், அவரைப் போக விட்டுடுங்கோன்னு.

— நீ அது தப்புங்கற.

— எதை விடணும்னு நீங்க சொல்லலையே. வைத்தியத்தை விடறதா, ஆளை வீட்டுக்கு விடறதா, அப்போதைக்கு அவரைத் தொந்தரவு பண்ணாம விடறதா? தமிழ்ல விட்டுருங்கன்னா எதுவா வேணா இருக்கலாம். மெஷினுக்குச் சந்தேகம் வந்திருக்கணும். எதை விடணும்னு திருப்பிக் கேட்டிருக்கணும். கேக்காம தானே ஒரு அர்த்தத்தை எடுத்துண்டு, எல்லாம் தெரிஞ்ச மாதிரி கணீர்னு சொல்லிடுத்து. தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லணும். என் தீசிஸ் முழுக்க அதைத்தான் எழுதியிருக்கேன்.

— நான் எதைச் சொன்னேன்னு நீங்க எப்படி முடிவு பண்ணுனீங்க?

— தமிழ் தெரிஞ்ச மூணு பேர்கிட்ட கொடுத்தேன். ஒருத்தர் மெஷின் சொன்னது சரின்னார். மத்த ரெண்டு பேர் தப்புன்னா. அதுல ஒருத்தர், எந்தப் பொண்டாட்டியும் அப்படிச் சொல்ல மாட்டான்னு பக்கத்துல எழுதியே வெச்சிருந்தார்.

— ஆம்பளையா?

— ஆமா. ஏன் ஆன்ட்டி?

— சும்மா கேட்டேன். அப்புறம்?

— அப்புறம் உங்க பையன் ராஜ்மோகன் வந்தார். பதிவைப் போட்டுக் காட்டினேன். இன்னொரு தடவை போடுங்கன்னார். போட்டேன். வீட்டுக்கு விட்டுருங்கன்னுதான் எங்கம்மா சொல்லியிருப்பாங்க, மெஷின் தப்புன்னு அடிச்சுச் சொன்னார். அதோட முடிவாயிடுத்து.

— எங்கிட்ட ஒருத்தரும் கேக்கலையே கண்ணு. சொன்னவ நானு.

— கேக்கணும்னுதான் இருந்தேன். ராஜ்மோகன்தான் வேண்டாம்னார். அம்மா இப்பத்தான் வேளைக்குச் சாப்பிட ஆரம்பிச்சிருக்காங்க, மறுபடி அந்த நாளுக்குக் கூட்டிண்டு போகாதீங்கன்னார். இன்னிக்கு அவர் கார்டன் ரீச் ரயில்வே ஆபீசுக்குப் போறார்னு தெரிஞ்சுதான் வந்தேன்.

— ஆமா, என்ற பென்சன் விசயமாத்தான் போயிருக்கான்.

— ஒளிஞ்சு வந்த மாதிரி இருக்கு எனக்கு. என்னை மன்னிச்சுடுங்கோ ஆன்ட்டி. எல்லாத்துக்கும்.

— அழுவாத. இந்தா, துண்டு. இந்தப் பாவத்தை நீ சுமக்கோணும்னு இல்ல. மெஷின் சரியாத்தான் சொல்லுச்சு.

— என்ன?

— இனிமே வேண்டாம், அவரைப் போக விடுங்க. அதேதான் நான் சொன்னது.

— ஆன்ட்டி, என்னைச் சமாதானப்படுத்தறதுக்காகச் சொல்லாதீங்கோ.

— உன்னையச் சமாதானப்படுத்தறதுக்கு இதையா சொல்லுவேன்? முன்னால ரெண்டு வாட்டி அந்தக் குழாயைப் போட்டாங்க. புடுங்கிருவாருன்னு கையை ரெண்டு பக்கமும் கட்டி வெச்சிருந்தாங்க. எடுத்ததுக்கப்புறம் ரொம்ப நாளைக்குக் குரலே வல்ல. லோகோ ஷெட்டுல புகையும் தூசியும் குடிச்ச நெஞ்சு, இனித் தேறாதுன்னு அவருக்கே தெரியும்.

— அவரே சொன்னாரா?

— துர்கா பூஜை சமயம். தெருவெல்லாம் பந்தல், ஒரே மேளம். அந்தச் சத்தத்துல என்ற காதுகிட்ட வந்து சொன்னாரு. ‘மகேசு, இன்னொருக்கா குழாய் வேண்டாம். கேட்டாங்கன்னா வேண்டாம்னு சொல்லிரு. பையனுக்குத் தெரிய வேண்டாம், அவன் தாங்க மாட்டான்.’ அவ்வளவுதான். அப்புறம், கடையில சூடாப் பேகுனி, அதான் கத்திரிக்கா பஜ்ஜி, போடறான், ரெண்டு வாங்கிட்டு வான்னாரு.

— நீங்க என்ன சொன்னேள்?

— போய் வாங்கிட்டு வந்து குடுத்தேன்.

— அப்போ அன்னிக்கு வார்டுல டாக்டர் கேட்டப்போ…

— அந்த மெஷின் புரியாத மாதிரி ஏதாவது உளறியிருந்தா நல்லா இருந்திருக்கும். தெளிவாக் கேட்டுருச்சு. அவரு என்னையவே பாத்துக்கிட்டிருந்தாரு. சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு மெஷினைக் கீழ வெச்சுட்டு என்ற கையைப் புடிச்சுக்கிட்டா. கடைசி வரைக்கும் விடல. அவளுக்குப் புரிஞ்சுது கண்ணு. அவளைக் கேட்டியா?

— இல்லே. டாக்டர் மெஷினை நம்பினவாதானேன்னு விட்டுட்டேன். திருப்பிக் கேக்கலைன்னு மெஷினைத் திட்டி அத்தனை பக்கம் எழுதினேன், நானும் கேக்கலை.

— மெஷின் திருப்பிக் கேக்கோணும்னு சொன்னியே. அன்னைக்கு அது ‘எதை விடணும்’னு கேட்டிருந்தா நான் இன்னொருக்கா வாயைத் தொறந்து சொல்லியிருக்கோணும். அதுக்கு எனக்குத் தெம்பில்ல. ஒருக்கா சொன்னதே பெருசு.

— இதை நான் யோசிச்சதே இல்லே ஆன்ட்டி.

— உனக்கு எப்படித் தெரியும்? நல்லவேளை, உனக்குத் தெரியாது.

— சரி. டேப்லெட்டைத் திரும்ப வைக்கச் சொல்றேன். இந்தக் கேஸை தீசிஸ்லேர்ந்து எடுத்துடறேன். இதுமேலதான் அந்தச் சாப்டரே நிக்கறது. சப்மிஷன் தள்ளிப் போகும், போகட்டும்.

— டேப்லெட்டை வை. எழுதுனதை எடுக்காத.

— தப்புன்னு தெரிஞ்சப்புறம் எப்படி வெச்சுக்கறது?

— என்ற பையனுக்காகத்தான் கேக்கறேன். பதினாறாம் நாளு ஈரோட்டுல இருந்து அவரோட தம்பி வந்து நடு ஊட்டுல நின்னு கேட்டாரு, எங்கண்ணனுக்குக் குழாய் வேண்டாம்னு சொன்னது யாருன்னு. பையன் முன்னால வந்து, மெஷின் தப்பாச் சொல்லிருச்சு சித்தப்பான்னான். எல்லாரும் அடங்கிட்டாங்க. அவனும் அதையே நம்பிக்கிட்டு, மெஷினைத் திட்டிக்கிட்டே சோறு திங்கறான். நான்தான்னு தெரிஞ்சா, நாளைக்கு என்ற கையால போடற சோத்தை எப்படித் திம்பான்?

— எனக்கு அவர்கிட்ட பொய் சொல்ல வராது ஆன்ட்டி.

— பொய் சொல்ல வேண்டாம். பேசாம இரு, போதும்.

— எழுதி வெச்சா அது பொய்தானே. மெஷினை நம்பி ஒருத்தரைச் சாக விட்டுட்டான்னு நாளைக்கு அந்த டாக்டர் மேல யாராவது கம்ப்ளெயின்ட் பண்ணலாம். உங்க பையனே பண்ணலாம். நான் சாட்சி சொல்றேன்னுகூடச் சொன்னேன். ஏனோ அவர் பண்ணலை.

— பண்ணக் கூடாது. என்ற கையைப் புடிச்சுக்கிட்டிருந்த பொண்ணு அது. அவ மேல ஒரு சொல்லு விழக் கூடாது.

— அதனாலதான் சொல்றேன். கேட் சத்தம் கேக்கறதே?

— அவன்தான். மூஞ்சியைத் தொடச்சுக்க. வா சாமி. போன வேலை அதுக்குள்ள முடிஞ்சுருச்சா?

— ஆபீசர் லீவாம்மா, நாளைக்கு வரச் சொல்லிட்டாங்க. அரே, ஹம்சினி மேடம், நீங்களா? அம்மாகிட்ட வர வேண்டாம்னு சொல்லியிருந்தேனே. கீ ஹோலோ, என்னாச்சு, ரெண்டு பேர் மூஞ்சியும் சரியில்லையே?

— ஸாரி ராஜ்மோகன். பெர்மிஷன் வாங்க வந்தேன். இனிமே அது தேவைப்படாது. உங்கப்பா கேஸை நான் தீசிஸ்லேர்ந்து எடுத்துடறேன்.

— ஏன்? எடுக்காதீங்க, இருக்கட்டும்.

— மூணு பேர்ல ஒருத்தர் மெஷின் சரின்னு சொல்லியிருக்கார். எனக்கு இப்போ நிச்சயமா சொல்ல முடியலை.

— நான்தான் சொல்றேனே மேடம். எங்கம்மா பேச்சு எனக்குத் தெரியாதா? மெஷின் தப்பு, தைரியமா எழுதுங்க. யுனிவர்சிட்டில ஒத்துக்கிட்டாங்கன்னா சித்தப்பாவுக்கு ஒரு காப்பி அனுப்பணும். அவரு இன்னும் போன்ல விசாரிச்சுக்கிட்டுத்தான் இருக்காரு.

— சாமி, உக்காரு.

— அம்மா, நீ உள்ள போய் டீ போடு. நான் மேடம்கிட்ட பேசிக்கறேன்.

— டீ கெடக்கட்டும். மெஷின் மேல தப்பில்ல சாமி. நாந்தான் சொன்னேன். குழாய் வேண்டாம், அவரு போகட்டும்னு, தெரிஞ்சேதான் சொன்னேன்.

— அம்மா.

— உங்கப்பா கேட்டுக்கிட்டாரு. உனக்குத் தெரிய வேண்டாம்னாரு. இந்தப் புள்ள பாவம், நான் பண்ணுனதுக்கு அது தூக்கமில்லாம அலையுது. அதான் வாயை மூடிக்கிட்டிருக்க முடியல. என்னையத் திட்டோணும்னா திட்டிக்க. அந்த டாக்டர் பொண்ணை ஒண்ணும் சொல்லாத.

— மேடம், எழுதுனதை எடுத்துருங்க.

— ராஜ்மோகன், நீங்க நிதானமா…

— எடுத்துருங்க. சித்தப்பாவுக்கு நான் வேற பதில் சொல்லிக்கறேன். அன்னைக்கு உங்க ரூம்ல பதிவை ரெண்டு வாட்டி போடச் சொன்னேனே, மொத வாட்டியே எனக்குப் புரிஞ்சுருச்சு. மெஷின் சரியாத்தான் சொல்லியிருந்துச்சு.

— புரிஞ்சுதா? அப்புறம் எதுக்குச் சாமி அது மேல பழியைப் போட்டே?

— யார் மேலயாவது போடணும்லம்மா. சித்தப்பா வந்து நின்ன நிலைமைல, உன் மேல விழக் கூடாதுன்னுதான் போட்டேன்.

— அவரு எங்கிட்ட மட்டுந்தானே சொன்னாரு? அப்படித்தான் நான் சொல்லியிருப்பேன்னு உனக்கு எப்படித் தோணுச்சு?

— உங்கிட்ட மட்டும் இல்லம்மா. அப்பா மொதல்ல எங்கிட்டதான் கேட்டாரு. என்னால முடியாதுன்னு சொன்னப்புறம்தான் உங்கிட்ட வந்திருக்காரு.