மறக்காம தப்பா சொல்லணும்

...இல்லக்கா, நீங்களே சொல்லுங்க, கேள்வி கேக்கறதுக்கு முன்னாடியே பதில் சொன்னா அது யார் தப்பு? நான் இன்னும் பாடத்தையே ஆரம்பிக்கல. சாக்பீஸ எடுத்துக்கிட்டு போர்டு பக்கம் திரும்பினேன், அவ்வளவுதான். பின்னாடிலேர்ந்து ஒருத்தன் எழுந்து, "பாதி சார்"ங்கறான். எதுல பாதி? நான் ஒண்ணுமே கேக்கல. கடைசி பெஞ்சுல எங்க ப்ரொஃபசர் எனக்கு மார்க் போட வந்து உக்காந்திருக்காரு. அவரு பேனா மூடியக் கழட்டுன சத்தம் எனக்கு இங்க கேக்குது.

உக்காருங்கக்கா. பெஞ்சு அந்த ஓரம் ஆடும், இப்படித் தள்ளி வாங்க. ஹெச்.எம். மேடம் இப்போதைக்குக் கூப்பிட மாட்டாங்க. உள்ள எங்க ப்ரொஃபசர்தான் இருக்காரு, என்னைப் பத்தித்தான் பேச்சு. இன்னிக்கு நடத்துன பாடம் தேறலன்னா ட்ரெயினிங் மறுபடி மொதல்லேர்ந்து. அதான் கதவுக்குக் காவல் மாதிரி இங்கயே உக்காந்திருக்கேன்... டீச்சரா? நானா? இல்லக்கா. ஆகப்போறவன். ஆவேனா மாட்டேனான்னு உள்ள முடிவு பண்ணிக்கிட்டு இருக்காங்க.

எங்க வீட்டுல காலேஜ் பக்கம் போன மொத ஆள் நான். அப்பா சரக்கு வேன் ஓட்டறாரு. இப்பவே என்னைப் பாத்தா "வாத்தியார் வராரு, வழி விடுங்க"ம்பாரு. கிண்டலா பெருமையான்னு அவருக்கே தெரியாது. வீட்டுல அப்பாவையும் அம்மாவையும் உக்கார வச்சுத்தான் பாடம் நடத்திப் பாப்பேன். அப்பா மாதிரி மோசமான ஸ்டூடண்ட் உலகத்துலயே கெடையாதுக்கா. "சார், தண்ணி குடிச்சுட்டு வரட்டா"ன்னு போனவரு வேனக் கழுவப் போயிட்டாரு. அம்மாகிட்ட எதக் கேட்டாலும், "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்பா"ங்கறாங்க. இத வச்சுக்கிட்டு நான் என்னத்தப் பழகறது?

காலேஜ்ல அதவிட வேடிக்கை. ஒருத்தர் டீச்சர், மத்தவங்க எல்லாரும் பத்து வயசுப் புள்ளைங்களா நடிக்கணும். ரெண்டு புள்ள பெத்த ஒரு அக்கா, "சார், இவன் என் பென்சில எடுத்துட்டான்"னு கண்ணக் கசக்குவாங்க. அந்த 'இவனுக்கு' மீசை நரைச்சிருக்கும். அப்பறம் பாராட்டறதுக்குன்னு தனியா ஒரு பயிற்சி. யாரு என்ன உளறினாலும் "அருமை", "நல்ல முயற்சி"ன்னு சொல்லணும். அது நாக்குல ஒட்டிக்கிச்சு. போன வாரம் பஸ்ல கண்டக்டர் "சில்லறை இல்லப்பா"ன்னாரு, "நல்ல முயற்சி, உக்காருங்க"ன்னுட்டேன். அவரு என்னைப் பாத்த பார்வை இருக்கே... நீங்க இப்பப் பாக்கறீங்கல்ல, அதே மாதிரிதான்.

சரி, விஷயத்துக்கு வரேன். பாடம் நடத்தறதுக்கு மார்க், போர்டுல கோணாம எழுதறதுக்கு மார்க். அப்பறம் ஒண்ணு வச்சிருக்காங்க பாருங்க, அதான் என் தலைல கல்லப் போட்டுச்சு. 'மாணவர் செய்யும் பிழையை அன்போடு திருத்துதல்.' அன்புக்கு என்ன கொறச்சல், மூட்டை மூட்டையா இருக்கு. ஆனா எவனாவது பிழை பண்ணணுமே? இந்தக் கிளாஸ் புள்ளைங்க படு சுட்டி. நான் வந்ததுலேர்ந்து பாக்கறேன், தப்பு பண்ற மாதிரியே தெரியல. தப்பு நடக்கலன்னா நான் எதத் திருத்தறது?

அதனால... லேசா ஒரு ஒத்திகை. நேத்து மத்தியானம். லேசாத்தான். ட்ரெயினிங்ல எல்லாரும் பண்றதுதான். எல்லாரும்னா... ரெண்டு பேர் பண்ணிருக்காங்க. சரி, ஒருத்தர் பண்ணதாக் கேள்விப்பட்டேன்.

நீ இந்தக் கேள்விக்கு பதில் சொல்லு, நீ அதுக்குச் சொல்லு, நீ நடுவுல எழுந்து ஒரு சந்தேகம் கேளுன்னு பிரிச்சுக் குடுத்தேன். சந்தேகக்காரன் இன்னிக்கு நான் வணக்கம் சொன்ன கையோட எழுந்து, "சார், இந்தப் பேப்பர இன்னும் ஒரு தடவ மடிச்சா என்ன ஆகும்?"ங்கறான். பேப்பர் இன்னும் என் பைக்குள்ள இருக்குக்கா.

இதெல்லாம்கூடப் போகட்டும். தப்பு சொல்ல ஒரு ஆள் வேணும்ல? மக்குப் புள்ள... அப்படிச் சொல்லக்கூடாது, காலேஜ்ல தோல உரிச்சுடுவாங்க. மெதுவாப் புரியற புள்ளைய நிறுத்தினா, அது பதட்டத்துல சரியான பதில சொல்லித் தொலச்சிடும். மறக்காம தப்பா சொல்றதுக்குப் புத்தி வேணும்க்கா. அதனால கிளாஸ்லயே கெட்டிக்காரியாப் பாத்துப் புடிச்சேன். புள்ளைங்க அவள ஜட்ஜம்மான்னு கூப்பிடும். எதக் கேட்டாலும் உடனே சொல்ல மாட்டா. தலைய ஒரு பக்கமாச் சாய்ச்சு, கண்ணாடிய மேல தள்ளிவிட்டு, அப்பறம் தீர்ப்பு சொல்வா.

"மூணுல ஒரு பங்கு பெருசா, நாலுல ஒரு பங்கு பெருசான்னு கேப்பேன். நீ நாலுல ஒரு பங்குன்னு சொல்லணும்"னேன்.

"அது தப்பு சார்"ங்கறா.

"தெரியும் பாப்பா. மூணவிட நாலு பெருசுன்னு நெனச்சு ஏமாறணும்."

"நான் ஏமாறலையே சார்."

"ஏமாந்த மாதிரி."

தலையச் சாய்ச்சா. யோசிச்சா. "எப்ப மாத்திச் சொல்லணும் சார்?"ன்னு கேட்டா. பாத்தீங்களா, இது புள்ளையா வக்கீலா?

"நான் பேப்பர வெட்டிக் காட்டினதுக்கப்பறம். அதுவரைக்கும் யார் கேட்டாலும் மாத்தாத"ன்னேன்.

இன்னிக்குக் கேட்டேன். அவ்வளவு அழகாத் தப்பா சொன்னா. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே குளுகுளுன்னு இருக்கு. பேப்பர எடுத்து மடிக்கப் போறேன், ப்ரொஃபசர் எழுந்து வந்துட்டாரு. "இருங்க தம்பி, நான் கேக்கறேன்"ங்கறாரு. என் கைல இருந்த பேப்பர வாங்கி, அவரே மடிச்சு, அவரே வெட்டி, மூணுல ஒரு பங்கு, நாலுல ஒரு பங்குன்னு ரெண்டு துண்டையும் அவ கைல குடுத்தாரு. "இப்பச் சொல்லும்மா, எது பெருசு?"

அவ துண்டப் பாத்தா. என்னைப் பாத்தா. "நாலுல ஒரு பங்கு சார்"ங்கறா.

ஒண்ணு மேல ஒண்ணு வச்சுக் காட்டினாரு. அப்பவும் நாலுல ஒரு பங்குதான்னு நிக்கறா. "இது கேக்குன்னு வச்சுக்க, உனக்கு நல்ல பசி, எத எடுப்ப?"ன்னாரு. சின்னத் துண்ட எடுத்து நெஞ்சோட வச்சுக்கிட்டா. வெட்டினது நான் இல்லையே. சொன்ன சொல்லு மாறாத பொண்ணுக்கா அது. சந்தேகக்காரன்கூட வாயத் தெறக்கல.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னேன். "நல்ல முயற்சி"ன்னு சொன்னேன்.

அவரு கிளாஸ் டீச்சரக் கூப்பிட்டு, "இந்தக் கொழந்தைக்கு அடிப்படையே புரியல, மெதுவாப் படிக்கறவங்க கிளாசுக்கு மாத்துங்க, வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்க"ன்னு... சரி விடுங்க, என் கதையே பேசிக்கிட்டு இருக்கேன். நீங்க எந்தப் புள்ளைக்காக வந்திருக்கீங்க?

...அஞ்சாம் வகுப்பா. எங்க கிளாஸ்தான்.

...கண்ணாடியா.

...ஓ.

போன் பண்ணித்தான் வரச் சொன்னாங்களா? அதான் பேக்கரித் தொப்பியக்கூடக் கழட்டாம ஓடி வந்திருக்கீங்க. என்ன சொன்னாங்க?... அப்படியா சொன்னாங்க? இல்லக்கா, அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியறதவிட நல்லாத் தெரியும். இப்ப எங்க இருக்கா? ஸ்டாஃப் ரூம் வாசல்லயா? யார் கேட்டும் ஒண்ணும் சொல்லலையா? எப்படிச் சொல்வா, நான் இன்னும் வெட்டலையே.

சொல்லணும்னுதான்க்கா இருந்தேன். மார்க் போட்டு முடிச்சதும் சாயந்திரமா, நல்லபடியா... அப்படிப் பாக்காதீங்க. எங்க அப்பாவும் இப்படித்தான் ஒண்ணும் பேசாமப் பாப்பாரு, அதுக்கு நாலு அறை வாங்கிடலாம்.

கூப்பிடறாங்க. உங்களத்தான். எழுந்திரிக்காதீங்கக்கா, ஒரு நிமிஷம். நீங்க போய்ச் சொன்னா, பெத்த பாசத்துல பேசறாங்கன்னு நெனச்சுப்பாங்க. நான் மொதல்ல போறேன். போறேன்க்கா, நெஜமாத்தான். காலு கொஞ்சம் மரத்துப்போச்சு, அவ்வளவுதான்... நீங்களும் வரீங்களா? சரி, வாங்க.

மேடம், உள்ள வரலாமா? என்னைக் கூப்பிடல, தெரியும். வணக்கம் சார். மார்க் விஷயமா வரல... மார்க் விஷயமாவும்தான் சார். அந்தப் பாப்பா சொன்ன பதில் அவளோடது இல்ல, என்னோடது. நேத்து நான்தான் சொல்லிக்குடுத்தேன். ஆமா சார், தப்பாத்தான் சொல்லிக்குடுத்தேன். எல்லாத்தையும் வெவரமாச் சொல்றேன், நீங்க என்ன மார்க் போடறதா இருந்தாலும் போடுங்க. மொதல்ல பாப்பாவ வரச் சொல்லுங்க சார், ரொம்ப நேரமா வெளில நிக்கறா. மேடம், ஒரு பேப்பரும் கத்திரிக்கோலும் கெடைக்குமா? இல்ல சார், குடுங்க. நீங்க வெட்டினா மாத்த மாட்டா. நான்தான் வெட்டணும்.