பாதி ஓட்டிய புளோயர்

என் நண்பன் நோயலின் பெரியப்பா தியோடருக்கு நடந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் வருடம். ராத்திரி இரண்டேகால் மணி. கந்தகத் திராவகம் காய்ச்சும் தொழிற்சாலையிலிருந்து லிங்கராஜபுரம் வரும் மண்பாதை... இரண்டு பக்கமும் ராகிக் கொல்லை. ஒரு ஆள் இல்லை. தொடர்ந்து இரண்டு ஷிப்ட் பழுதுவேலை பார்த்த களைப்பு. கால் தானாக நடந்துகொண்டிருந்தது.

அங்கே அவர் இன்ஜினியர். கிளம்புமுன் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார். புதிதாகக் கட்டும் இரண்டாவது கோபுரத்துக்கு எதை வாங்குவது என்ற தாள். புளோயர் என்ற பெரிய காற்றாடி தள்ளும் கோபுரத்துப் புகையில் திராவகம் பொடித்துளியாகக் கலந்து வரும். அதைப் பிடித்து நிறுத்த இரண்டு வழி. ஒன்று, வளைத்து வளைத்து நிறுத்திய ஈயத் தகடு. ஒரு வாரத்தில் மாட்டிவிடலாம். இன்னொன்று, கோக் கரி அடைத்த பெரிய பெட்டி, மாதக்கணக்காகும். மேனேஜருக்குத் தகடுதான் வேண்டும். மறுத்தால் வேலை போகும். தியோடர் தகடு என்று எழுதினார்.

முதல் கோபுரத்துக்கும் அவர் எழுதியது தகடுதான். அப்போது சோதனைக்கு, வழக்கம்போல, புகை வாயில் வெள்ளைத் துணி கட்டி ஒரு மணி நேரம் விட்டு, எடுத்து இஸ்திரி போட்டார்கள். துளி பட்ட இடம் சூட்டில் கருகும். ஒன்றும் கருகவில்லை. கீழே வேலை பார்த்த சிரில்தான் சொன்னான்.

"புளோயரைப் பாதிதான் ஓட்டியிருக்கீங்க சார். முழுசா ஓட்டினா காத்து தகட்டுல இருக்கிற துளியையே பிச்சுக்கிட்டு வரும். நேரா என் மூக்குக்கு."

"நேரமில்ல சிரில். மூக்கை மூடிக்கோ."

எட்டு மாதம் அங்கேயே நின்றான். இரண்டு குட்டை இருமல், ஒரு நீள இருமல்... எந்த மூலையிலிருந்து கேட்டாலும் சிரில் என்று தெரியும். ஜூன் மாதம் புதைத்தார்கள்.

பாதையில் தீக்குச்சி கிழித்த வாசனை வந்தது. தொழிற்சாலை பழுதுக்காக மூன்று நாளாக நிற்கிறது. புகையே கிடையாது. மழையும் இல்லை. ஆனால் பின்கழுத்தில் பொசபொசவென்று ஈரம்.

அப்புறம்... இரண்டு குட்டை. ஒரு நீளம்.

ஒரு முழம் பின்னால்.

தியோடர் திரும்பவில்லை. ஓடவும் இல்லை, ஓடத் தெம்பில்லை. வீட்டு வாசல்வரை அது கூடவே வந்தது.

இருந்தது இரண்டு சட்டை. மற்றது துவைத்து ஈரமாக இருந்தது. ராத்திரி போட்டிருந்ததையே காலையிலும் போட்டுப் போகட்டும் என்று மனைவி பிரிஜெட் இஸ்திரி போட்டாள்.

"ஏங்க... இங்க வந்து பாருங்க."

முதுகுப் பக்கம், காலருக்குக் கீழே, இஸ்திரிப் பெட்டி போன இடமெல்லாம் கறுப்புப் புள்ளி எழும்பிக்கொண்டிருந்தது. பின்னால் ஒட்டி நின்று ஒருவன் இருமினால் வாய் வரும் உயரம்.

தியோடர் தொழிற்சாலைக்குப் போய்த் தாளைக் கிழித்தார். கரிப் பெட்டி என்று வேறு எழுதி, மேனேஜர் வருமுன் தபாலில் சேர்த்தார். பெட்டி வந்து இறங்கிய பிறகுதான் மேனேஜருக்கு விஷயம் தெரிந்தது. அதை மாட்டி முடித்ததும் தியோடர் புளோயரை முழுக்க ஓட்டித் துணி கட்டினார்; இஸ்திரி போட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது. அன்று சாயங்காலமே அவர் சீட்டைக் கிழித்தார்கள்.

அதன்பின் திராவகம் இருக்கும் பக்கமே அவர் போகவில்லை. ஒரு பேக்கரியில் வேலை பார்த்தார். அடுத்த மழைக்காலத்தில் இருமல் வந்தது. இரண்டு குட்டை, ஒரு நீளம்.

அவர் கைக்குட்டைகளை பிரிஜெட் துவைத்து மடித்து வைப்பதோடு சரி. இஸ்திரி போடுவதில்லை.

ஒரே ஒரு தடவை போட்டாள்.