பூட்டின குரல்

அட, ரூம் கதவைச் சாத்தாதீங்க தம்பி. சண்டைக்கு வரல. சண்டைக்கு வர்றவன் இப்படிப் பையும் கையுமா, மாடியேறி மூச்சு வாங்கிக்கிட்டா வருவான்? வெளிய உங்கம்மா யாருன்னு கேட்டாங்க. உங்க பிள்ளை உடைச்ச விளையாட்டைச் செஞ்சவன்னு சொன்னா பதறிடுவாங்களேன்னு, பழைய பழக்கம்னு சொல்லிவச்சேன். பொய்யில்லையே?

ஆமா, அந்த இருட்டு வீடு விளையாட்டேதான். திரையில ஒண்ணும் இருக்காது, எல்லாம் காதாலதான். கண்ணு தெரியாதவங்க விளையாடணும்னு செஞ்சது. கொலைகாரன் பூனை மாதிரி பின்னாடி வருவான், காலடியைக் கேட்டுத் தப்பிக்கணும். நீங்க என்ன பண்ணீங்க? நான் போட்டிருந்த பூட்டைத் திறந்து, சவுண்டு ஃபைலை உருவி, காலடி இருந்த இடத்துல சைக்கிள் பெல்லை வச்சுட்டீங்க. கொலைகாரன் கிணிங் கிணிங்னு மணியடிச்சுக்கிட்டே வர்றான்! அப்புறம் போட்டியில உங்களை எவன் ஜெயிப்பான்? சிரிக்காதீங்க. சரி, சிரிங்க. இப்ப எனக்கே சிரிப்புதான் வருது. அன்னைக்கு உங்களைப் போற இடமெல்லாம் நாறடிச்சேன்.

உங்களுக்கு அடுத்து வந்தவன் பண்ணதுக்குத்தான் சிரிக்க முடியல. விளையாட்டுல வழி சொல்ற பொம்பளைக் குரல் இருக்கே, அதை உருவி, துண்டு துண்டா நறுக்கி, ஒட்டி, அசிங்க அசிங்கமாப் பேச வச்சு ஊரெல்லாம் சுத்த விட்டுட்டான். அந்தக் குரல் என் பெண்டாட்டி குரல். அவளுக்கும் கண்ணு தெரியாது. அவளுக்காகத்தான் அந்த விளையாட்டே. முழுசாக் கேட்டா. ஹெட்போனைக் கழட்டி மேசையில வச்சா. நான் இப்படியா பேசுவேன்னு மட்டும் கேட்டா.

இல்லல்ல, நீங்கன்னு சொல்லல. நீங்க இல்லைன்னு தெரியும். உக்காருங்க.

அதுக்கப்புறம் எனக்கு வெறி பிடிச்சுது. அவளை இன்னும் நிறைய வரிகளைப் பேச வச்சு, புதுசா ஒரு பதிப்பு செஞ்சேன். ஒவ்வொரு ஃபைலுக்கும் பூட்டு. எவனாவது ஒரு எழுத்தை மாத்தினாக்கூட விளையாட்டு திறக்காது. அதுவும் போதாதுன்னு, உள்ள டூப்பு ஃபைல்களையும் கலந்து வச்சேன். விளையாட்டு அதுங்களைத் தொடவே தொடாது. திருட வர்றவன் எது அசல் எது டூப்புன்னு தெரியாம மண்டையைப் பிச்சுக்கணும், அதுக்கு. டூப்பைத் திறக்கவே போறதில்லையே, அதுக்கெதுக்குச் சாவின்னு, பூட்டிட்டுச் சாவியைத் தூக்கிப் போட்டுட்டேன். கடைசியா, வீட்டுக் கம்ப்யூட்டர்ல இருந்த மூலப் பதிவையும் சுத்தமா அழிச்சேன். வீட்டுக்குள்ள புகுந்துகூட எவனும் எடுக்கக்கூடாதாம். எவ்வளவு கெட்டிக்காரன் பாருங்க.

நல்ல பூட்டுதான்னு நீங்க சொல்றீங்க. நானும் அப்படித்தான் மார் தட்டிக்கிட்டுத் திரிஞ்சேன்.

என்னது? என் விளையாட்டுக்கு என்கிட்டயே சாவி இருக்குமேங்கறீங்களா? அசலுக்கு இருக்கு. எனக்கு வேணுங்கறது டூப்பு.

அதுல என்ன இருக்கா? குப்பை. நான் குப்பைன்னு வெட்டி எறிஞ்சது. இருமல், நாற்காலி கிறீச்சிடுறது, தண்ணி குடுங்கன்னு கேக்கறது. அப்ப அவ மாசமா இருந்தா. ஒரு வரி சொல்லிட்டு அடுத்த வரிக்கு இடையில, வயித்தைத் தடவிக்கிட்டே குழந்தைகிட்ட பேசுவா. உங்கப்பாவுக்குக் கோவம் வருது பாரு, நீ உதைச்சதுல நான் வரியை மறந்துட்டேன்னு போட்டுக் குடுப்பா. என்னமோ கதையெல்லாம் சொன்னா. நான் என்ன, காது குடுத்தா கேட்டேன்? ரெக்கார்டிங் ஓடுது, சும்மா இரும்மான்னு அதட்டினேன். அந்த அதட்டலும் அதுலதான் இருக்கு. டூப்புக்குத் தோதா மனுசக் குரலாவும் இருந்துச்சா, எடுத்து அப்படியே உள்ள திணிச்சேன்.

குழந்தை தவழ ஆரம்பிக்கறதுக்குள்ள அவ காய்ச்சல்ல போயிட்டா.

வீடியோவா? எங்க வீட்ல அந்தப் பழக்கமே இல்லீங்க. எடுத்து யாரு பாக்கறது? பொண்ணுக்கும் அம்மா மாதிரியேதான், பிறந்ததுலேர்ந்தே பார்வை இல்ல. போட்டோ வேணும்னா சுவர் நிறையத் தொங்குது, எனக்கு மட்டும்.

சரி, வேலைக்கு வருவோம். அந்த டூப்பையெல்லாம் டிஸ்க்குல போட்டுக் கொண்டாந்திருக்கேன், நீங்கதான் திறந்து தரணும். என் பழைய பூட்டை நீங்க எப்படித் திறந்தீங்கன்னு அப்ப நெட்ல எழுதியிருந்தீங்களே, அதை இப்பத்தான் நிதானமாப் படிச்சேன். சாவியைக் கம்ப்யூட்டர் கடிகாரத்தை வச்சு உண்டாக்கியிருக்கான், பூட்டின நேரம் தெரிஞ்சாச் சாவியும் தெரிஞ்சிடும், இவன் சோம்பேறின்னு எழுதியிருந்தீங்க. சோம்பேறிங்கறது மிகை. அவசரக்காரன்னு போட்டிருக்கலாம். அதை விடுங்க. அசலுக்குப் புது முறையிலதான் சாவி செஞ்சேன், அது நிச்சயம். டூப்புக்கு? தூக்கிப் போடற சாவிதானேன்னு பழைய முறையிலயே செஞ்சேனோ என்னவோ, எவ்வளவு யோசிச்சாலும் ஞாபகம் வரல. வாழ்க்கையிலயே முதல் தடவையா, அன்னைக்கு நான் ஒழுங்கா வேலை பாத்திருக்கக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்.

முடியாமப் போகலாம்னு தெரியும் தம்பி. உங்களைவிட எனக்கு நல்லாத் தெரியும். பூட்டினவன் நான்தானே.

இத்தனை வருசம் கழிச்சு இப்ப ஏன்னுதானே கேக்கறீங்க? பெருசா ஒண்ணுமில்ல. பொண்ணு இப்ப அந்த விளையாட்டை விளையாடறா. முன்ன வேகமா முடிச்சிடுவா. இப்பல்லாம் பாத்தா, போய்ப் போய்ச் சுவத்துலயே முட்டறா. முட்டினா, அங்க சுவரும்மா, மெதுவான்னு குரல் வரும், திரும்பி இன்னொரு சுவத்துக்குப் போறா. நானும் பொறுத்துப் பாத்துட்டு, கண்ணு, வலது பக்கம் கதவு இருக்கே, அப்படிப் போன்னேன். எனக்கு வழி தெரியும்ப்பா, சும்மா இருங்க, ஒழுங்காப் போனா அம்மா பேச மாட்டேங்கறாங்கன்னுட்டா.

அவ்வளவுதான். இந்த டிஸ்க்கை எங்க வைக்கட்டும்?